திங்கள் முதல் வெள்ளி வரை என் தட்டு

அக்டோபர் 21, திங்கள்

காலை பத்தரைக்கு வருவதாகச் சொன்ன தொபியாஸ் பதினொன்றே காலுக்கு வந்தான். என் கணவர் லாம்பர்ட்டின் தம்பி. அறுபத்தெட்டு வயதாகியும் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. லாம்பர்ட்டின் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தான்.

நவம்பர் 19இல் லாம்பர்ட் இறந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளை இரண்டு நாள் முன்னதாக, 17, ஞாயிறன்று வைக்கிறார்கள். காலையில் திருப்பலி. மாலையில் பங்குக் கோயில் மண்டபத்தில் நீலக்கடல் இன்னிசைக் குழுவின் நிகழ்ச்சி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய குழு அது. லாம்பர்ட் கிட்டார், தொபியாஸ் கீபோர்டு. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது பிறகு வந்தது.

"அண்ணன் கிட்டார் சும்மாதான மதினி கிடக்கு? ரெமி அத வச்சு வாசிக்கட்டும். புரோகிராம் முடிஞ்சதும் நம்ம குழு ரூம்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வச்சிருவோம். பேர் எழுதி, மாலை போட்டு."

"சும்மா கிடக்கல. என்கிட்ட இருக்கு."

"அதான் மதினி சொல்லுதேன்…"

"நான் வாசிக்கிறேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க?"

"மேடையில. பதினேழாம் தேதி."

சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினான். "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீட்டுக்குள்ள வாசிப்பீங்கன்னு தெரியும். அடுக்களைல வாசிக்கது வேற, ஆயிரம் பேருக்கு முன்னால ஆம்ப்ளிஃபயர்ல போட்டு வாசிக்கது வேற."

மண்டபத்தில் நானூற்று ஐம்பது நாற்காலிகள்தான். சொன்னேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஒன்பதாம் தேதி ஒத்திகைக்கு நான் கிட்டாரோடு போக வேண்டும். சரியாக இருந்தால் நான் வாசிப்பேன், கிட்டார் என் வீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் ரெமி வாசிப்பான், பிறகு கிட்டார் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். வாக்குக் கொடுத்தேன். எமரென்சியா மோத்தா ஆகிய நான் கொடுத்த வாக்கை மாற்றியதில்லை.

அவன் போன பிறகு நாற்காலியைத் துடைத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

அந்தக் கிட்டாருக்கு இரண்டு தட்டுகள் இருப்பது தொபியாஸுக்குத் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது.

எழுதிவைக்கிறேன். மின்சாரக் கிட்டாரின் முன்பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். ஓசையைப் பிடிக்கும் பிக்கப்கள், திருகுக் குமிழ்கள், சுவிட்ச், ஒயர்கள் எல்லாம் அந்தத் தட்டோடு சேர்ந்தவை. பதினொரு திருகாணிகள். தட்டை மொத்தமாகக் கழற்றி வேறு தட்டை மாட்டினால் கிட்டாரின் குரலே மாறிவிடும். மரம் அதேதான், கம்பியும் அதேதான், பாடுவது மட்டும் வேறு ஆள்.

கிரேக்கக் கப்பலில் வந்த மாலுமி ஒருவனிடமிருந்து லாம்பர்ட் வாங்கியபோது இருந்தது வெள்ளைத் தட்டு. மூன்று ஒல்லி பிக்கப்கள். சத்தம் கண்ணாடிக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியதுபோல் இருக்கும். ஊருக்கே பிடிக்கும். எனக்குப் பல் கூசும். கலியாணமான புதிதில் அதைச் சொன்னேன். நான் கான்வென்ட்டில் சிஸ்டர் ஜெர்த்ரூதிடம் எட்டு வருடம் கிட்டார் படித்தவள், எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

1981இல் அவர் துறைமுகப் பட்டறையிலிருந்து கறுப்புத் தகடு ஒன்று கொண்டுவந்தார். அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். உடைந்த வேறொரு கிட்டாரின் தடித்த பிக்கப்கள் இரண்டை அதில் பொருத்தி, ஒயர் வேலையெல்லாம் முடித்து, "இது ஒன்னோட தட்டு" என்றார். தடித்த பிக்கப்கள் உள்ளே இறங்கவில்லை. உளியை எடுத்துத் தன் கிட்டாரின் மரத்தையே செதுக்கிக் குழியை அகலப்படுத்தினார்.

அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை என் தட்டு. சனியும் ஞாயிறும் கச்சேரி இருக்கும் என்பதால் அவருடைய தட்டு. வெள்ளி மாலையும் திங்கள் காலையும் மாற்றுவோம். அவர் குழுவில் சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை போனார். ஆகவே இப்போது கிட்டாரில் இருப்பது அவருடைய தட்டு. வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்தத் திங்களன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

நாளை மாற்றிவிடுவேன்.

அக்டோபர் 23, புதன்

ஸ்குரூ டிரைவரைக் காணவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

ஸ்குரூ டிரைவர் அது இருக்கும் டப்பாவிலேயே இருந்தது. இன்று வெள்ளிக்கிழமை, முறைப்படி மாலையில் அவருடைய தட்டு ஏறும் நாள். ஒழுங்கு என்று ஒன்று உண்டு.

அக்டோபர் 28, திங்கள்

மழை. ஈரக் காற்றில் மரம் உப்பியிருக்கும். திறக்கக் கூடாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வீட்டு வேலைக்கு வரும் சந்தனமாரி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். எண்ணெய்க் கையோடு கிட்டாரைத் தொட முடியாது.

"ஏம்மா, அந்தப் பொட்டியத் தொறக்கவே மாட்டேங்கியளே. உள்ள பாம்பா இருக்கு?" என்றாள்.

"வேலையைப் பார்" என்றேன்.

"பாத்துட்டுத்தான கேக்கேன்."

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். கல்லறைக்கு மஞ்சள் சாமந்தி வைத்தேன். லாம்பர்ட்டின் பெயரில் ஓர் எழுத்துக்கு வண்ணம் உரிந்திருக்கிறது. ஓராண்டுகூடத் தாங்காத வேலை. செய்தவனிடம் சொல்ல வேண்டும்.

தொபியாஸ் சொன்ன ரெமி, ரெமிஜியுஸ், வந்திருந்தான். சுங்கத்துறை ஏஜென்ட் ஆபீசில் வேலை, ஐம்பத்திரண்டு வயது. லாம்பர்ட் நோயில் படுத்த பிறகு குழுவில் கிட்டார் வாசிப்பவன். ஏழெட்டு மெழுகுவர்த்திகள் கொண்டுவந்திருந்தான். காற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

"அக்கா, கிட்டார நான் கேக்கல. தொபியாஸ் அண்ணன்தான்…"

"கல்லறையில் நின்று பொய் சொல்லாதே."

கொஞ்ச நேரம் தீக்குச்சி உரசினான். "சரிக்கா. ஆசை இருக்கு. பதினாலு வயசுல புனித ஜேம்ஸ் தெருக் கலியாணத்துல அண்ணன் வாசிச்சதக் கேட்டேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் கிட்டாரே எடுத்தேன். என் கிட்டார்ல என்ன செஞ்சாலும் அது வர மாட்டேங்குது."

"உன் இடக்கைச் சுண்டுவிரல் சோம்பேறி. அதுவும் ஒரு காரணம்."

"அண்ணனும் இதையேதான் சொல்வாரு."

லாம்பர்ட்டுக்கு அதைச் சொன்னதே நான்தான். ரெமியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 4, திங்கள்

காலை எட்டு மணிக்கு, சந்தனமாரி வருவதற்கு முன்பே, பெட்டியைத் திறந்தேன். இன்று திங்கள். திங்கள் என்னுடைய நாள்.

கம்பிகளைத் தளர்த்தித் துணியால் கட்டி ஒதுக்கினேன். தட்டின் வடிவம் வரைந்த பழைய அட்டையை எடுத்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த ஓட்டைக்கே போக வேண்டும், இல்லையென்றால் மரத்தின் பிடி தளர்ந்துவிடும். பதினோராவது மட்டும் சுற்ற வரவில்லை. வலக்கை கொஞ்ச நாளாக அடம்பிடிக்கிறது. இடக்கையால் எடுத்தேன்.

தட்டைத் தூக்கும்போது சந்தனமாரி வந்துவிட்டாள்.

"அடியாத்தே! நண்டு ஓட்டத் தொறந்தாப்ல உள்ள பூராக் குடலால்ல இருக்கு!"

"ஒயர்."

"பாத்தா அப்படித் தெரியல."

குழியைத் துடைத்தேன். லாம்பர்ட்டின் உளி வேலை நேராக இல்லை. இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அதிகம் வெட்டியிருக்கிறார். அப்போதே சொன்னேன். "ஓட்டமா ஓடி வந்து செஞ்சேன், நீ அளவெடுக்கியாக்கும்" என்றார்.

ஒயர்களைச் சேர்க்கப் பற்றவைக்க வேண்டியதில்லை. பட்டறையில் கிடைத்த இணைப்பிகளை வைத்து, பிடுங்கிச் செருகும்படி செய்திருந்தார். கறுப்புத் தட்டை மாட்டினேன். பதினொரு திருகாணிகள். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். ஆம்ப்ளிஃபயர் குழுவின் சொத்து, லாம்பர்ட் இருந்தவரை எங்கள் வீட்டில் இருந்தது, இப்போது மண்டபத்தில் இருக்கிறது. எனவே கம்பியின் வெறும் ஓசையைக் கேட்டே ஒரு மணி நேரம் வாசித்தேன்.

வெள்ளைத் தட்டைப் பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்து அவருடைய சட்டையில் சுற்றி வைத்தேன். துண்டு முரடாக இருந்தது.

நவம்பர் 6, புதன்

இரண்டு மணி நேரம் வாசித்தேன். விரல் நுனியில் தோல் கிழிந்தது. நல்லது. கடினமாகும்.

நவம்பர் 9, சனி

எல்லாவற்றையும் எழுதுவேன். அவமானத்தையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒத்திகை ஐந்து மணிக்கு. நான் நாலு ஐம்பதுக்குப் போனேன். அவர்கள் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள். கிட்டாரைத் திறந்ததும் கறுப்புத் தட்டைப் பார்த்து எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்ப்ளிஃபயரில் செருகிச் சத்தத்தை ஏற்றினேன்.

உறுமியது. ஒரு கம்பியையும் தொடவில்லை, அதற்குள் மண்டபம் முழுக்க ம்ம்ம் என்று நிரம்பியது. டிரம்ஸ் வாசிக்கும் குரூஸ் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வெளிய உப்பு லாரி எதும் நிக்கா?" என்றான். சிரிப்பு. கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும், அடங்கவில்லை. அதன் மேலேயே வாசித்தேன். பாதிப் பாட்டில் தொபியாஸ் கையை உயர்த்தினான்.

"என்ன மதினி செஞ்சீங்க அண்ணன் கிட்டார? பொம்பள கை பட்டாலே…"

"சொல்லி முடி."

"ஒண்ணுமில்ல மதினி."

"பாதியில நிறுத்துறது உங்க குழுவுக்குப் பழக்கம். தாளத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

குரூஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் தோற்றது நான். திங்களன்று வந்து கிட்டாரை எடுத்துக்கொள்வதாகத் தொபியாஸ் சொன்னான். வாக்கு வாக்குதான். சரி என்றேன். ரெமி பெட்டியை ஆட்டோ வரை தூக்கிவர வந்தான். நானே தூக்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கிட்டாரை மறுபடி திறந்தேன். திங்களன்று கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பழுதோடு கொடுக்க மாட்டேன்.

சிஸ்டர் ஜெர்த்ரூத் சொல்லித்தந்த முறை: தெரியாததை வரை. காகிதத்தில் வரைந்தேன். தட்டிலிருந்து தொங்கும் இணைப்பிகள் மூன்று. மரத்துக்குள்ளிருந்து வரும் ஒயர்களோ இரண்டு. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். மூன்று வாய்க்கு இரண்டு உணவு. ஒன்று பட்டினி கிடக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது, குழியின் பின்சுவரில் பென்சில் பருமனுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் ஒயர் ஒன்றின் நுனி. கம்பிகளைப் பின்னால் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பக்கத்திலிருந்து வரும் ஒயர் அது. அது இணைந்தால்தான், வாசிப்பவர் விரலைக் கம்பியில் வைத்ததும் இரைச்சல் அடங்கும். தட்டைத் தூக்கியபோது அந்த ஒயர் நழுவி உள்ளே போயிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

நாற்பத்திரண்டு வருடம் திருகாணி என் வேலை, ஒயர் அவர் வேலை. அவர் குனிந்து ஏதோ செய்வார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று அவர் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய தேவை வரும் என்று நான் நினைக்கவில்லை.

குரோஷா ஊசியின் கொக்கியை ஓட்டைக்குள் விட்டு ஒயரை இழுத்தேன். வந்தது. செருகினேன். பதினொரு திருகாணிகள். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

நவம்பர் 11, திங்கள்

கிட்டாரை எடுத்துப் போக வந்த தொபியாஸை அவன் வந்த அதே ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன்.

"எதுக்கு மதினி?"

"பழுது என்னுடையது. சரிசெய்துவிட்டேன். காதால் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்."

செருகினேன். சத்தத்தை நேற்று முன்தினம் வைத்ததைவிட அதிகம் வைத்தேன். உறுமல் இல்லை. மண்டபத்தில் புறாவின் சிறகடிப்பு கேட்டது. கலியாண வீடுகளுக்காக லாம்பர்ட் கட்டிய வால்ட்ஸ் நடன மெட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். கறுப்புத் தட்டை முதன்முறையாக வீட்டுக்கு வெளியே இரைச்சலின்றிக் கேட்டேன். பெரிய குரல். அவசரப்படாத குரல்.

தொபியாஸ் கிட்ட வந்து கறுப்புத் தட்டைக் குனிந்து பார்த்தான். "இம்புட்டு வாசிப்பீங்கன்னு அண்ணன் சொல்லவே இல்லியே" என்றான்.

"நீ கேட்டாயா?"

"நீங்களே வாசிங்க மதினி. கிட்டார் வீட்லயே இருக்கட்டும். ஆனா…" தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அண்ணன் சத்தம் இல்லியே. சனம் அதக் கேக்கத்தான வருது. வருசம் ஒண்ணாச்சு மதினி. எனக்கே கேக்கணும் போல இருக்கு."

ஐம்பது வருடத்தில் அவன் சரியாகச் சொன்ன முதல் சொல் அது.

"பழைய தட்ட மாட்டி நீங்களே வாசிச்சிருங்களேன்."

"மாட்டேன். அதை மாட்டி வாசித்தால் நான் லாம்பர்ட் வேஷம் கட்டியவள். எனக்கு அந்த மீசை பொருந்தாது."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இப்படிப்பட்ட ஆட்களோடு சண்டை போடுவது கடினம்.

நவம்பர் 12, செவ்வாய்

மீன் வாங்கவில்லை. சமைக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

அலமாரியைத் திறந்தேன். மூடினேன். சந்தனமாரி, "அலமாரிக் கதவுக்கு எண்ணெய் போடவாம்மா?" என்றாள். அது சத்தம் போடவே இல்லை.

மாலையில் ரெமிக்கு போன் செய்து, நாளை உன் கிட்டாரோடு வா என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

ரெமி சொன்ன நேரத்துக்கு வந்தான். அவனுடைய கிட்டார் சீனாவில் செய்தது, ஆனால் அதே வடிவம். அதன் தட்டைக் கழற்றச் சொன்னேன். அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து மேசையில் பிரித்தேன். வெள்ளைத் தட்டைப் பார்த்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அக்கா, இது அண்ணனோடது."

"ஆமாம். நீ தேடிய சத்தம் இதில்தான் இருக்கிறது. மரத்தில் இல்லை. மாட்டு."

பதினொரு ஓட்டைகளில் ஏழுதான் பொருந்தின. துளைபோடும் கருவியைத் தட்டின் பக்கம் கொண்டுபோனான். கையில் ஓர் அடி போட்டேன்.

"தட்டில் துளை போடாதே. உன் மரத்தில் போடு."

"என் கிட்டாருக்கு வலிக்காதாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அவன் ஒயர்களைப் பற்றவைத்தான். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

கம்பிகளை இழுத்துக் கட்டியதும் கேட்டான்: "புரோகிராம் முடிஞ்சதும் எப்பக் கொண்டு வரணும்க்கா?"

"கொண்டு வர வேண்டாம்."

"அக்கா…"

"வைத்துக்கொள் என்கிறேன். சுண்டுவிரலை மட்டும் கவனி."

அவன் போன பிறகு சட்டையைத் துவைக்கப் போட்டேன். அது இனி வெறும் சட்டை. பிறகு வாளியிலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளைச் சட்டையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

காலைத் திருப்பலி ஒழுங்காக நடந்தது. பிரசங்கம் நீளம்.

மாலை மண்டபத்தில் இடம் போதாமல் சுவர் ஓரமாக நின்றார்கள். சந்தனமாரி முன்வரிசையில் இடம் பிடித்து, அருகில் இருந்தவர்களிடம், "அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

தொபியாஸ் மைக்கில், "இப்போது மறைந்த லாம்பர்ட் அண்ணனின் துணைவியார்…" என்று தொடங்கினான். நான் மைக்கை வாங்கி, "எமரென்சியா மோத்தா, கிட்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வால்ட்ஸ் மெட்டை முதலில் ரெமி தனியாக எடுத்தான். முதல் வரி வந்ததும் மண்டபத்தில் சனத்தின் கைவிசிறிகள் நின்றன. கரண்டியால் கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டும் அதே சத்தம். தொபியாஸ் கீபோர்டில் இரண்டு இடங்களில் தவறினான், யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் பல் கூசியது. கூசட்டும் என்று இருந்தேன்.

எட்டு வரி கழித்து நான் சேர்ந்தேன்.

நாற்பத்திரண்டு வருடத்தில் அந்த இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் ஒலித்ததில்லை. ஒலிக்க வழியில்லை. வீட்டில் இருந்தது ஒரே கிட்டார். ஒருவர் வாசித்தால் மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அடுக்களையில் நிற்க வேண்டும். இன்று அவருடையது மேலே போனது, என்னுடையது கீழே போனது, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சந்தித்தன. இவ்வளவு பொருந்தும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்துதான் உளியை எடுத்தாரோ என்னவோ.

கடைசி வரியில் நான் அரைத் தாளம் பிந்திவிட்டேன். ரெமி காத்திருந்து சேர்த்துக்கொண்டான். லாம்பர்ட் காத்திருக்க மாட்டார்.

கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கைதட்டல் நின்றபாடில்லை, எனவே இன்னும் கொஞ்சம் நின்றேன்.

நவம்பர் 18, திங்கள்

தொபியாஸ் வந்தான். பத்தரை என்று சொல்லிப் பத்தே முக்காலுக்கு. முன்னேற்றம்.

"மதினி, டிசம்பர் எட்டுல மாதா கோயில் புரோகிராம் இருக்கு. அந்தக் கிட்டாரு வருமா?"

"கிட்டாரிடம் கேட்காதே, தொபியாஸ். என்னைக் கேள்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முறையாக எழுந்து நின்று கேட்டான். கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும், ஐந்து மணி என்றால் ஐந்து மணி, நோட்டீசில் என் பெயர் முழுசாக வர வேண்டும் என்றேன். "சரி மதினி, சரி மதினி" என்று மூன்றுக்கும் தலையாட்டினான்.

"அப்படியானால் நான் வருவேன். கிட்டார் என்னோடு வரும்."